தரையைப் பார்த்திருந்த ஏழு நாள்

கண்ணில் ஆப்பரேஷன் செய்துகொண்டேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “வலிச்சதா?” கோயிலில் பார்ப்பவர்கள், துணி தைக்கக் கொண்டு வருபவர்கள், கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர்கள், எல்லோருக்கும் இதே கேள்வி. வலிக்கவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரத்துப் போகச் செய்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. “அதுக்கப்புறம் எப்படித் தூங்குனீங்க? எப்படிச் சாப்பிட்டீங்க?” என்று இதுவரை இரண்டு பேர்தான் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேருமே வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்தவர்கள்.

எனக்கு வயது 61. கிள்ளானில், வீட்டின் முன்னறையில் ஒரு தையல் மெஷினும் ஓர் ஓவர்லாக் மெஷினும் போட்டு 38 ஆண்டுகளாகத் துணி தைக்கிறேன். பிளவுஸ், பாவாடை, பஞ்சாபி சூட், பள்ளிச் சீருடை என்று வருவதையெல்லாம் தைப்பேன். எங்கள் இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவில் பாதி அந்த மெஷின் ஓட்டியது. மீதிப் பாதி என் வீட்டுக்காரர் லோரி ஓட்டியது.

கடந்த ஆண்டு ஜூன் மாதம் ஒரு நாள், துணியில் அளவு குறித்துக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் கோடு நடுவில் நெளிந்தது. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. இன்ச் டேப்பை எடுத்து விரித்துப் பார்த்தேன். 14க்கும் 16க்கும் நடுவில் இருக்க வேண்டிய 15 அங்கே இல்லை. சுருக்குப் பையின் வாயை இழுத்தால் துணி எப்படி நடுவை நோக்கிச் சுருங்குமோ, அப்படி எண்கள் சுருங்கிக் கிடந்தன. இடக்கண்ணை மூடினால் எல்லாம் நேராகிவிட்டது. வலக்கண்ணை மூடினால் மறுபடி அதே நெளிவு.

மறுநாளே பக்கத்துக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்கிருந்த சீனப் பெண் பிள்ளைக்கு என் மகளைவிட வயது குறைவு. கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னாள். நடுப்புள்ளியைச் சுற்றிக் கோடுகள் உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பதைச் சொன்னதும், கண்ணாடி விற்கிற பேச்சே எடுக்காமல் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்தத் தாளுக்கு ‘ஆம்ஸ்லர் கட்டம்’ என்று பெயர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மார்க் ஆம்ஸ்லர் என்ற கண் மருத்துவரின் பெயர். ஒரு தாள், ஒரு பேனா, ஒரு ஸ்கேல் இருந்தால் வீட்டிலேயே வரைந்துவிடலாம். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது என்பேன். அங்கே ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பீட்சா கடை விளம்பரத்தைவிட உபயோகமாக இருக்கும்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் படத்தைக் காட்டினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய துணி போல விழித்திரை தெரிந்தது. அதன் நடுவில் ஓர் ஓட்டை. ‘மாக்குலர் ஹோல்’ என்றார் டாக்டர். எழுத்து படிக்கவும், முகம் அடையாளம் காணவும், ஊசியில் நூல் கோக்கவும் நாம் நம்பியிருக்கிற பகுதி விழித்திரையின் நட்டநடுவில் உள்ள சின்னப் புள்ளி. துளை விழுந்தது அங்கேதான். கண்ணுக்குள் முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு கூழ் இருக்கிறது. வயதாக ஆக அது சுருங்கி விழித்திரையை விட்டு விலகும். பெரும்பாலானவர்களுக்குச் சத்தமில்லாமல் விலகிவிடும். சிலருக்கு நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டு, இழுத்து, கிழித்துவிடும். அறுபதைத் தாண்டிய பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம்.

“தைக்கிறதாலயா டாக்டர்?” என்று கேட்டேன். இந்தக் கேள்விதான் என் மனதை அரித்துக்கொண்டிருந்தது. இல்லை என்றார். தையல், டிவி, கைப்பேசி எதுவும் இதற்குக் காரணமில்லை. அதைக் கேட்டுக்கொண்டு வீடு வந்ததில் பாதிப் பாரம் இறங்கியது. மெஷினைக் குறை சொல்ல வேண்டியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

ஒரு காலத்தில் இதற்கு வைத்தியமே இல்லை. 1991இல்தான் கெல்லி, வெண்டல் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், கண்ணுக்குள் உள்ள கூழை எடுத்துவிட்டு வாயுவை நிரப்பி, நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தால் இந்தத் துளை மூடும் என்று எழுதினார்கள். அந்த முதல் முயற்சியில் நூறில் ஐம்பத்தெட்டுப் பேருக்கு என்ற கணக்கில் மூடியது. இன்று நூறில் தொண்ணூறு பேருக்கு மேல் மூடிவிடுகிறது. எங்கள் அம்மா காலத்தில் வந்திருந்தால், “வயசாயிடுச்சு, கண்ணு போச்சு” என்று திண்ணையில் உட்கார வைத்திருப்பார்கள்.

ஏன் குப்புறப் படுக்க வேண்டும் என்பதை டாக்டர் விளக்கியது எனக்குப் பிடித்திருந்தது. மேசையில் பாதி குடித்து வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்துச் சாய்த்தார். “ஆன்ட்டி, காத்து எந்தப் பக்கம் போகுது பாருங்க.” காற்று எப்போதும் மேட்டுப் பக்கம்தான் போனது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்திலும் இதே கதைதான். என் துளை கண்ணின் பின்சுவரில் இருக்கிறது. முகம் தரையைப் பார்த்தால் பின்சுவர் கூரையாகிவிடும். வாயுக் குமிழி மேலே போய் அந்தத் துளையில் ஒட்டி நிற்கும். துளைக்குள் நீர் புகாமல் பார்த்துக்கொள்ளும். அந்த அவகாசத்தில் ஓரங்கள் ஒன்று சேரும். தைப்பதற்கு முன் இரண்டு துணியைச் சேர்த்துக் குத்தி வைக்கிற குண்டூசி மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

ஒரு மணி நேரத்தில் 50 நிமிடம் முகம் தரையைப் பார்க்க வேண்டும். 10 நிமிடம் நிமிரலாம். இரவிலும் குப்புறத்தான். ஏழு நாள். சில மருத்துவர்கள் மூன்று நாள் போதும் என்கிறார்கள்; துளை சிறியதாக இருந்தால் குனியவே வேண்டாம் என்பவர்களும் உண்டு. என்னுடையது அரை மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட இருந்தது. அந்தக் கணக்கில் அது பெரிய துளை. ஆகவே ஏழு நாள்.

கையில் கொடுத்த தாளில் நான்கே வரி இருந்தது. ஒரு வரியில் ‘மெனியாராப்’, அதாவது குப்புறப் படுக்கவும். அவ்வளவுதான். எதன்மேல் படுப்பது, எப்படிக் குடிப்பது, கழுத்தை எங்கே வைப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. இத்தனை நுட்பமாக ஆப்பரேஷன் செய்யத் தெரிந்தவர்களுக்கு, இன்னொரு பக்கம் எழுதிக் கொடுக்க ஆளில்லாமல் போனது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். டாக்டரின் பங்கு ஒரு மணி நேரம். என் பங்கு 168 மணி நேரம்.

ஆப்பரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆகஸ்டு மாதம் நடந்தது. வெளிச்சம் தெரிந்தது, நிழல்கள் அசைந்தன, டாக்டரும் மிஸ்ஸியும் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். துளையைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வுக்கு நீலச் சாயம் ஏற்றி உரித்தெடுத்தார்களாம். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியதாம் அது. பட்டுப் புடவையிலிருந்து பழைய ஃபாலைப் பிரித்தெடுக்கவே நான் மூச்சை அடக்குவேன்.

முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் தலையணையை முகத்துக்குக் கீழே வைத்துப் படுத்தேன். ஐந்து நிமிடத்தில் மூச்சு முட்டியது. முகத்தைத் திருப்பினால் குமிழி நகர்ந்துவிடும். நெற்றிக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று என்று இரண்டு துண்டைச் சுருட்டி வைத்துப் பார்த்தோம். அரை மணி நேரத்தில் இரண்டும் இரண்டு பக்கம் ஓடிப்போயின. கடைசியில் பழைய போர்வையைக் கெட்டியாகச் சுருட்டி, குதிரை லாடம் மாதிரி வளைத்து, உறை தைத்து அதற்குள் திணிப்பது என்று முடிவானது. நெற்றியும் இரண்டு கன்னமும் அதில் பதியும்; மூக்குக்கும் வாய்க்கும் கண்ணுக்கும் இடம் திறந்திருக்கும். யார் தைப்பது?

என் மருமகள் வங்கியில் வேலை செய்கிறாள். மெஷினைத் தொட்டதில்லை. “அத்தை, நீங்க சொல்லுங்க, நான் தைக்கிறேன்” என்றாள். நான் கட்டில் ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அவள் கால் விரல்களை மட்டும் பார்த்தபடி, நூல் எந்த வழியாகப் போக வேண்டும், காலை எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னேன். ஒரு பூப்போட்ட துணியில் உறை தயாராயிற்று. தையல் பாம்பு போன வழி மாதிரி இருந்தது. ஆனால் அன்று இரவு அதில்தான் முகத்தை வைத்து நான்கு மணி நேரம் தூங்கினேன். அதே உற்சாகத்தில், நான் தூக்கத்தில் மல்லாந்துவிடக் கூடாதென்று, என் இரவு உடுப்பின் முதுகில் பேத்தியின் டென்னிஸ் பந்து ஒன்றையும் வைத்துத் தைத்துவிட்டாள். திரும்பினால் முதுகில் குத்தும். மிக நன்றாகவே குத்தியது.

பகலில் வெட்டு மேசைதான் என் இடம். நாற்காலியில் உட்கார்ந்து, மேசை மேல் அந்த லாடத்தை வைத்து முகத்தைப் பதிப்பேன். மடியில் தட்டு வைத்துச் சாப்பிடுவேன். ரசம், மைலோ, தண்ணீர் எல்லாம் வளைகிற ஸ்ட்ராவில். சோற்றைவிட இடியப்பமும் ரொட்டியும் சுலபம்; குனிந்தபடி விழுங்கும்போது சோற்றுப் பருக்கை மூக்குக்குப் போகப் பார்க்கும். உட்கார்ந்தே இருந்தால் மலச்சிக்கல் வரும், அதற்குப் பப்பாளி. ஒரு மணிக்கு ஒரு தரம் எழுந்து கூடத்தில் நடப்பேன். அப்போதும் முகம் தரையில்தான். எங்கள் வீட்டு மொசைக்கில் எந்த ஓட்டில் விரிசல் இருக்கிறது, எந்த மூலையில் துடைப்பம் எட்டவில்லை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

என் வீட்டுக்காரருக்குச் சமையலறை டைமர் ஒன்றை வாங்கிக் கொடுத்தான் மகன். 50 நிமிடம் முடிந்ததும் அது கிர்ர் என்று கத்தும். அவர் உடனே சொட்டு மருந்தோடு வந்து நிற்பார். ஒரு மருந்து கிருமிக்கு, ஒரு மருந்து வீக்கத்துக்கு, ஒன்று கண்ணின் பாவையை விரித்து வைக்க. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஐந்து நிமிடம் விட வேண்டும், இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். முப்பது ஆண்டுகள் லோரி ஓட்டிய கை. ஒரு சொட்டுக்கூடக் கன்னத்தில் விழவில்லை. மற்ற நேரத்தில் இந்த நாளிதழை எனக்கு வாசித்துக் காட்டினார். அவர் சத்தம் போட்டு வாசித்து நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. தலைப்புச் செய்தியிலிருந்து மரண அறிவித்தல் வரை வரிசை மாறாமல் வாசிப்பார். அலுத்துப் போனால் மின்னல் எஃப்எம்மைப் போட்டுவிட்டுத் தானும் தூங்கிவிடுவார்.

முதல் வகுப்பு படிக்கும் பேத்திக்கு மட்டும் இது ஒரு விளையாட்டு. பள்ளி விட்டு வந்ததும் மேசைக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அந்த லாடத்தின் வாய் வழியாக என் முகத்தைப் பார்ப்பாள். பாட்டியும் பேத்தியும் நேருக்கு நேர். “பாட்டி, உங்க கண்ணு தக்காளி மாதிரி இருக்கு.” வீட்டில் பெரியவர்கள் யாரும் சொல்லத் துணியாததை அவள்தான் சொன்னாள். கண்ணாடியில் பார்க்கக் கூடாதென்று நானே முடிவு செய்திருந்தேன். முகம் கீழே தொங்கியே இருப்பதால் இமைகளும் கன்னமும் உப்பிவிடும். அது இயல்புதான், நிமிர்ந்தால் வடிந்துவிடும் என்று பிறகு சொன்னார்கள்.

இரண்டாம் நாள் இரவுதான் பயந்தேன். நள்ளிரவுக்கு மேல் புருவத்தின் பின்னால் ஒரு குடைச்சல் ஆரம்பித்தது. பிறகு தலைவலி, குமட்டல். பனடோல் கேட்கவில்லை. மிஸ்ஸி சொல்லியிருந்த ஒரு விஷயம் மட்டும் நினைவிருந்தது: “லேசா உறுத்தினா பரவாயில்ல. வலி கூடிக்கிட்டே போய் வாந்தி வந்தா காலைவரைக்கும் காத்திருக்காதீங்க.” மகனை எழுப்பினோம். காரின் பின் இருக்கையில், முன் இருக்கை முதுகில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி போனேன். விடியற்காலை மூன்று மணிக்குக் கண்ணின் அழுத்தத்தை அளந்தார்கள். 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது, 34 இருந்தது. இந்த வகை ஆப்பரேஷனுக்குப் பின் முதல் சில நாட்களில் சிலருக்கு இப்படி ஏறுமாம். விட்டுவிட்டால் பார்வை நரம்புக்கே கேடு. மாத்திரையும் வேறொரு சொட்டு மருந்தும் கொடுத்து, இறங்கும்வரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

அந்த மாத்திரைக்கு ஒரு குணம்; இரண்டு கை விரல்களும் சிலுசிலுவென்று எறும்பு ஊர்வது போல இருக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஆனால் நான்காம் நாள் இடக்கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் தனியாக மரத்துப் போயின. கண்ணுக்குப் பயப்பட்டதைவிட அதற்கு நான் அதிகம் பயந்தேன். கண் ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது. துணியைப் பிடித்துத் தள்ளுகிற கை போனால்? தொலைபேசியில் கேட்டபோது, “மேசையில முழங்கையை ஊனிக்கிட்டு உட்காருறீங்களா?” என்றார்கள். முழங்கையின் உட்பக்கம் ஒரு நரம்பு ஓடுகிறது. நாள் முழுக்க அதன்மேல் பாரம் இருந்தால் அந்த இரண்டு விரலும்தான் மரக்கும். முழங்கைக்குக் கீழே தலையணை வைத்து, அதன்மேல் பாரம் போடாமல் உட்கார்ந்த பிறகு மூன்று வாரத்தில் சரியானது. குப்புற இருக்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், முழங்கையை மறந்துவிடாதீர்கள். அந்த நான்கு வரித் தாளில் இதுவும் இல்லை.

பார்க்க வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பெரியம்மா நந்தியாவட்டைப் பூவைப் பறித்துக் கொண்டு வந்து, கண்ணில் வைத்துக் கட்டினால் குளிர்ச்சி என்றார். இன்னொருவர், பிள்ளை பெற்ற வீட்டில் தாய்ப்பால் வாங்கி இரண்டு சொட்டு விடச் சொன்னார். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் புதிதாக ஊசித் துளை போட்ட கண்ணுக்குள் டாக்டர் கொடுக்காத எதுவும் போகக் கூடாது. கிருமி உள்ளே போனால் கண்ணையே இழக்க நேரிடும். பூவை நன்றி சொல்லி வாங்கிச் சாமி படத்துக்கு வைத்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார காக் மட்டும் கண்ணுக்கு எதுவும் கொண்டு வரவில்லை. வயிற்றுக்குக் கொண்டு வந்தார். ஆப்பரேஷன் புண் ஆற ஹாருவான் மீன் சூப்தான் என்பது அவர்கள் கணக்கு. நம் விரால் மீன்தான் அது. “மெனியாராப் லாகி கா?” இன்னும் குப்புறத்தானா என்று வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டு வருவார். அது கண்ணை ஆற்றியதோ இல்லையோ, ஸ்ட்ராவில் குடிக்க முடிந்த ஒரே அசைவம் அதுதான்.

வந்தவர்களில் பாதிப் பேர் என் தலையின் பின்பக்கத்தைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். பலருக்கு என்ன பேசுவதென்று தெரியாமல், என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம் “எப்படி இருக்காங்க?” என்று கேட்டார்கள். நான் அங்கேயேதான் இருந்தேன். காது நன்றாகவே கேட்டது. ஐந்தாம் நாள் மதியம், யாரும் இல்லாத நேரத்தில், ஒன்றும் காரணமில்லாமல் அழுதேன். கண்ணீர் நேராகக் கீழே தரையில் சொட்டியது, கன்னத்தைத் தொடாமல். அழுவதால் கண்ணுக்கு ஏதும் ஆகுமோ என்று வேறு பயம். ஆகாதாம், பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தீபாவளிக்குப் பத்து வாரம்தான் இருந்தது. 46 பிளவுஸுக்கு முன்பணம் வாங்கியிருந்தேன். 19ஐ இன்னொரு தையல்காரியிடம் மாற்றிவிட்டேன். மீதிக்காரர்கள் காத்திருக்கிறோம் என்றார்கள். காத்திருக்கிறோம் என்பது எளிது. கண் தெரியாவிட்டால் என்ன சொல்வது? இந்தக் கேள்வியோடுதான் அந்த மேசையில் கிடந்தேன். ஆறாம் நாள் மருமகள் வேலை விட்டு வந்து, “அத்தை, சும்மாதானே இருக்கு, நான் நேர்த் தையல் மட்டும் போட்டுப் பார்க்கவா?” என்றாள். நான் ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த பாவாடை ஒன்றைக் கொடுத்தேன். அவள் தைக்க, நான் முகத்தை லாடத்தில் பதித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். மெஷின் ஓடுகிற சத்தத்திலேயே பாதித் தையல் தெரிந்துவிடும். ஊசி முனை மழுங்கியிருந்தால் துணியில் இறங்கும்போது டொக், டொக் என்று ஒரு சத்தம் வரும். “ஊசிய மாத்தும்மா” என்றேன். “பார்க்காமலே எப்படி அத்தை?” என்றாள். தைத்ததை என் கையில் கொடுப்பாள். விரலால் தடவிப் பார்த்து, எங்கே நூல் தொங்குகிறது, எங்கே இழுத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்வேன். மூன்று பாவாடையைப் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். நான்காவதைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

ஏழு நாள் முடிந்து நிமிர்ந்தபோது இடக்கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. அதைச் சொல்லியே அனுப்பியிருந்தார்கள். வாயு நிறைந்திருக்கும்வரை வெறும் சாம்பல் வெளிச்சம்தான். கையை ஆட்டினால் ஆடுவது தெரியும். அதன் பிறகு வந்ததுதான் வேடிக்கை. ஒரு காலையில் பார்வையின் மேல் விளிம்பில் ஒரு பட்டை தெளிவாகியிருந்தது. அதற்குக் கீழே, கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிற்பது போல ஒரு கறுப்புக் கோடு. நடந்தால் தளும்பும், தலையைச் சாய்த்தால் சாய்ந்து நிற்கும். குமிழி கண்ணுக்குள் மேலேதான் இருக்கிறது; ஆனால் விழித்திரையில் எல்லாம் தலைகீழாக விழுவதால் நமக்குக் கீழே இருப்பதாகத் தெரிகிறது. நாளுக்கு நாள் அந்தக் கோடு இறங்கியது. முதலில் சுவர்க் கடிகாரம் தெரிந்தது, பிறகு வாசலில் நிற்பவர் தலை, பிறகு தோள். பிறந்த குழந்தைக்கு உலகம் இப்படித்தான் தவணை முறையில் தெரியுமோ என்னவோ.

எனக்குப் போட்ட வாயு முழுதாகக் கரைய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை கையில் ஒரு பட்டை கட்டியிருந்தார்கள், கழற்றக் கூடாது. நான் எங்காவது மயங்கி விழுந்து வேறு மருத்துவமனைக்குப் போனால், ‘சிரிப்பு வாயு’ என்கிற மயக்க வாயுவைக் கொடுத்துவிடக் கூடாது. அது கண்ணுக்குள் உள்ள குமிழியில் புகுந்து அதை ஊத வைத்துவிடும். விமானத்திலும் ஏறக் கூடாது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்தால் குமிழி விரியும், கண் தாங்காது. விமானத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தேன். பள்ளி விடுமுறைக்கு மகன் கேமரன் மலையில் அறை எடுத்து வைத்திருந்தான். நல்ல வேளை, மருமகள் தொலைபேசியில் கேட்டாள். மலைக்கும் அதே சட்டம்தான். கேமரன் மலையும் கெந்திங்கும் ஆயிரம் மீட்டருக்கு மேல். கார் ஏற ஏறக் குமிழியும் விரியும். போர்ட் டிக்சனுக்குப் போனோம். கடல் மட்டத்தில் ஆபத்தில்லை. அங்கேயும் நான் அலையைப் பார்த்ததைவிடக் கண்ணுக்குள் தளும்பிய அலையைத்தான் அதிகம் பார்த்தேன்.

ஏழாம் வாரம் கோடு உருண்டு ஒரு பந்தாகிவிட்டது. பார்வையின் அடியில் துள்ளிக்கொண்டிருக்கும். அது இரண்டாக உடைந்து, மிளகு அளவாகி, ஒரு வியாழக்கிழமை காலை காணாமல் போனது. கொஞ்சம் வெறிச்சென்றுகூட இருந்தது.

ஸ்கேன் எடுத்த அன்று டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஓட்டை இருந்த இடத்தில் அடுக்குகள் சேர்ந்து, நடுவில் சின்னப் பள்ளம் மட்டும் இருந்தது. அந்தப் பள்ளம் இருக்க வேண்டியதுதானாம், எல்லோருக்கும் உண்டாம். “மூடிடுச்சு ஆன்ட்டி.” ஆப்பரேஷனுக்கு முன் எழுத்துப் பலகையில் மேலே உள்ள ஒரே ஒரு பெரிய எழுத்துதான் தெரிந்தது. அன்று மூன்றாம் வரி. டிசம்பரில் நான்காம் வரி. பழையபடி முழுதும் வராது, ஓராண்டு வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடலாம் என்று சொல்லியிருக்கிறார். இன்ச் டேப்பில் 15 திரும்பி வந்துவிட்டது. லேசாகக் கூன் போட்டு நிற்கிறது, அவ்வளவுதான். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் அதுவும் தெரியாது.

அந்த 27 பிளவுஸும் தீபாவளிக்கு நான்கு நாள் முன்பே முடிந்தன. வெட்டியதும் கை வைத்ததும் கழுத்துத் தைத்ததும் நான். நேர்த் தையலும் ஹெம்மும் மருமகள். இப்போது சனிக்கிழமைகளில் உட்காருகிறாள். தன் சம்பளத்தைவிட என் கூலி எத்தனை குறைவு என்பதை ஒரு நாள் மணிக்கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, விலையை ஏற்றச் சொல்லித் தொல்லை கொடுக்கிறாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கூழ் எடுத்த கண்ணில், என் வயதுக்காரர்களுக்கு, ஓரிரு ஆண்டுக்குள் கண்புரை வருவது வழக்கமாம். எனக்கு வர ஆரம்பித்துவிட்டது. விளக்கைச் சுற்றி மஞ்சள் மூட்டமாகத் தெரிகிறது. அதற்கும் ஒரு நாள் போய்ப் படுக்க வேண்டும். குப்புற இருக்கத் தேவையில்லை என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன், இரண்டு தடவை. வலக்கண்ணுக்கும் அந்தத் துளை வரக்கூடிய வாய்ப்பு சிலருக்கு உண்டு என்பதால் வாரம் ஒரு முறை கட்டத் தாளைப் பார்க்கிறேன். இதுவரை கோடுகள் நேராக இருக்கின்றன.

அந்தப் பூப்போட்ட லாட மெத்தை எங்கள் வீட்டில் இல்லை. மறுபரிசோதனைக்குப் போயிருந்தபோது, வரிசையில் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பாட்டிக்கு அதே ஆப்பரேஷன். அதே நான்கு வரித் தாளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் மெத்தையின் உறையைத் துவைத்து மகனிடம் கொடுத்து அனுப்பினேன். அவர் முடிந்ததும் ஓர் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியைக்குக் கொடுத்தாராம். கடைசியாகக் கேள்விப்பட்டபோது அது சிரம்பானில் இருந்தது.